கல்வி உளவியலா, மருத்துவ உளவியலா? இங்கிலாந்தில் எந்த முனைவர் படிப்பு

சைக்காலஜி டிகிரி முடித்துக் குழந்தைகளோடு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் இங்கிலாந்தில் முதலில் தடுக்கி விழும் இடம் பிஎச்டி. நானும் விழுந்தேன். கல்வி உளவியலில் பிஎச்டி முடித்தால் கல்வி உளவியலாளர் ஆகிவிடலாம் என்று நினைத்து ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன், அவர் ரொம்பப் பொறுமையாக, 'உங்களுக்கு வேண்டியது இதில்லை' என்று பதில் போட்டார். பிஎச்டி ஆராய்ச்சியாளரை உருவாக்கும், அவ்வளவுதான். 'கல்வி உளவியலாளர்', 'மருத்துவ உளவியலாளர்' இரண்டும் சட்டப் பாதுகாப்பு உள்ள தொழில் பெயர்கள். 2009லிருந்து எச்சிபிசி (சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் அப்படிப் போட்டுக்கொள்ள முடியும். வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்பது இதிலுள்ள வேடிக்கை.

ஆக உண்மையான போட்டி, அந்த வேலைக்கே தயார்செய்யும் இரண்டு தொழில்முறை முனைவர் படிப்புகளுக்கு இடையில். இரண்டும் மூன்று ஆண்டு. இரண்டிலும் வகுப்பு, களப்பயிற்சி, ஆய்வேடு மூன்றும் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி நிற்கும். இரண்டுக்குமே பிரிட்டிஷ் உளவியல் சங்கம் ஏற்கும் உளவியல் பட்டம் வேண்டும், வேறு பாடம் படித்தவர்கள் கன்வெர்ஷன் எம்எஸ்சி செய்துவிட்டு வரலாம். கல்வி உளவியலுக்கு முன்பெல்லாம் ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு ஓராண்டு மாஸ்டர்ஸ் போனால் போதும். 2006ல் அதை மூன்றாண்டு முனைவர் படிப்பாக மாற்றியபோது ஆசிரியர் தகுதி கட்டாயம் என்பதும் போய்விட்டது. (வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகம் தனியாக நடத்துகிறது, ஸ்காட்லாந்துக்கு வேறு வழி. நான் பேசுவது இங்கிலாந்தை மட்டும்.)

பணத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இதில் மருத்துவ உளவியல் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. சேர்ந்த நாளிலிருந்தே நீங்கள் என்எச்எஸ் (அரசு மருத்துவ சேவை) ஊழியர், அங்குள்ள சம்பள அடுக்கில் பேண்ட் 6 சம்பளம், பென்ஷன், கட்டணமும் உங்கள் தலையில் இல்லை. கல்வி உளவியலில் அரசு நிதியுள்ள இடம் கிடைத்தால் கட்டணத்தைக் கல்வித்துறை கட்டும், முதல் ஆண்டு அதுவே உதவித்தொகையும் தரும், அடுத்த இரண்டு ஆண்டும் நீங்கள் பயிற்சி பெறும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தரும். பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் லண்டனில் வாடகை கொடுத்துக்கொண்டு குழந்தையும் வைத்திருப்பவருக்கு அது இறுக்கமான மூன்று ஆண்டு. அதோடு ஒரு நிபந்தனை: முடித்த பிறகு குறிப்பிட்ட காலம் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் வேலை செய்தே ஆக வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், இந்த நிதி இடங்களுக்கு இங்கேயே தங்கி வேலை செய்யும் உரிமை கேட்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பணத்தை வைத்து மட்டும் முடிவு செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நான் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தபோது ஒரு கல்வி உளவியலாளர் ஒரு பையனைப் பார்க்க வந்தார். ஏழு வயது, தமிழ் வீடு, வந்து எட்டு மாதம், வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவர் நேராக டெஸ்ட் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கணக்குப் பாடம் முழுக்கப் பார்த்தார், அப்புறம் விளையாட்டு நேரத்தில் குளிரில் நின்று பார்த்தார். அப்புறம் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை எடுத்து ஒரு வடிவம் காட்டினார். பையன் தோற்றான். அவர் செய்து காட்டி, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்து, வேறொரு வடிவம் வைத்தார். இந்த முறை சேர்த்துவிட்டான். அவருக்கு வேண்டியது மதிப்பெண் இல்லை, சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறான் என்பது. ஆங்கிலம் வராத பிள்ளையை ஆங்கிலத் தேர்வில் உட்கார வைத்து 'மந்தம்' என்று எழுதுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். கடைசியில் அவர் அதிக நேரம் பேசியது பையனோடு இல்லை, ஆசிரியையோடும் அவன் அம்மாவோடும்.

மருத்துவ உளவியலில் பெரும்பாலும் ஆள் உங்களைத் தேடி வருவார். ஒரு அறை, இரண்டு நாற்காலி, டிஷ்யூ பெட்டி, ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் அமர்வு. வாரம் வாரம் அதே மனிதரைப் பார்த்து அவர் மாறுவதைக் கண்ணால் காணலாம், கல்வி உளவியலாளருக்கு அந்தப் பாக்கியம் குறைவு. களப்பயிற்சியும் குழந்தைகளோடு நிற்காது, பெரியவர்கள், முதியவர்கள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று சுற்றி வர வேண்டும். பத்து வருஷம் கழித்துக் குழந்தைகள் வேண்டாம் என்று தோன்றினால் துறை மாறலாம். கல்வி உளவியலில் 0 முதல் 25 வயதுதான் உங்கள் உலகம்.

கல்வி உளவியலின் கசப்பையும் சொல்ல வேண்டும்: அறிக்கை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குக் கல்வி, சுகாதாரம், பராமரிப்புத் திட்டம் போட மதிப்பீடு தொடங்கினால் கல்வி உளவியலாளரின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டதிலிருந்து 6 வாரத்தில் அது வர வேண்டும், மொத்த வேலையும் 20 வாரத்தில் முடிய வேண்டும். ஆள் பற்றாக்குறை, கோப்போ குவிகிறது, தடுப்பு வேலைக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போக வேண்டிய நேரத்தை இந்த அறிக்கைகள் தின்றுவிடுகின்றன. 1913ல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் சிரில் பர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்ததிலிருந்தே, யாருக்குச் சிறப்புப் பள்ளி என்று தரம்பிரிக்கும் வேலை இந்தத் தொழிலின் முதுகில் ஏறிவிட்டது, இன்னும் முழுசாக இறங்கவில்லை.

உள்ளே நுழைவது இரண்டிலும் கஷ்டம், ஆனால் கஷ்டம் வேறு மாதிரி. மருத்துவ உளவியலுக்குப் பலர் உதவி உளவியலாளர் வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள், அந்த வேலை கிடைப்பதே தனிப் போராட்டம். கல்வி உளவியலுக்குக் குழந்தைகளோடு குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் கேட்கிறார்கள், அதில் உதவி ஆசிரியர் வேலை நன்றாகவே செல்லும். பள்ளியில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது பெரிய சாதகம்.

என் முடிவு கல்வி உளவியல்தான், சம்பளம் தெரிந்தும். முதல் முறை நேர்காணலில் தோற்றேன். ஒரு பிள்ளை தினமும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுகிறான், என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவன் கோபத்தை அடக்க என்னென்ன சொல்லிக்கொடுப்பேன் என்று பத்து நிமிஷம் அடுக்கினேன். கேட்டவர் தலையாட்டிவிட்டு, 'அவன் எந்தப் பாடத்தில் ஓடுகிறான் என்று நீங்கள் கேட்கவே இல்லையே' என்றார். இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பம் போடுகிறேன்.