கூலண்ட் மாற்ற மெஷின் ஃபிளஷா, இறக்கி ஊற்றுவதா?

மாமாவிடமிருந்து எனக்கு வந்த காருக்கு 15 வயது. கோலாலம்பூர் செந்தூலில் வீட்டு வாசலில் நிறுத்தி, மறுநாள் காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டோடு திறந்து கையை வேகவைத்துக்கொண்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் உண்டு. இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில், தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர். மாமாவைக் கேட்டால், "இங்க என்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு?" என்றார். பல வருடமாகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்.

அவர் சொல்வதில் பாதி சரி. இங்கே தண்ணீர் உறையாது. வெப்பத்தை வாங்கிக்கொள்வதிலும் வெறும் தண்ணீர் கூலண்டை மிஞ்சும். ஆனால் கூலண்டில் நமக்கு வேண்டியது உறையாத குணம் அல்ல, அதில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்து. அது இல்லாவிட்டால் வாட்டர் பம்பும் அலுமினிய ஹெட்டும் (இஞ்சினின் மேல் பாகம்) மெல்ல மெல்ல அரிக்கப்படும். ஆகவே வெறும் தண்ணீர் ஆட்டத்திலேயே இல்லை. கேள்வி, உள்ளே இருப்பதை எப்படி வெளியேற்றுவது என்பதுதான். கடையில் மெஷின் வைத்துக் கழுவலாம். அல்லது ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து இறக்கி, ஊற்றி, ஓட்டி, மறுபடி இறக்கலாம்.

முதலில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மெஷின் ஃபிளஷ், உள்ளே கழுவும் மருந்தோடு சேர்த்து 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கத்தில் சொன்னார்கள். ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றி மெஷினில் மாட்டினால் ஒரு பக்கம் புதியது போக, மறு பக்கம் பழையது வெளியே வரும். ஒரே தடவையில் கிட்டத்தட்ட எல்லாமே மாறிவிடும், காரும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். நண்பர் ஒருவர் தன் நான்கு வயதுக் காருக்கு இப்படித்தான் செய்தார், குறை ஒன்றும் இல்லை.

நான் பின்வாங்கியது ஒரு பதிலால். "என்ன கூலண்ட் ஊத்துவீங்க?" என்று கேட்டேன். "பச்சை பாஸ், எல்லாக் காருக்கும் ஒத்துவரும்" என்று மூலையில் இருந்த டிரம்மைக் காட்டினார். எத்தனை விழுக்காடு கலந்தது என்ற கேள்விக்கும் அதே டிரம்தான் பதில். நிறத்தை வைத்து கூலண்டின் ரகத்தைச் சொல்லவே முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சாயம் போடுகிறது. பச்சை என்று பேர் வாங்கிய பழைய ரகம் பொதுவாக இரண்டு வருடம் தாங்கும், ஆர்கானிக் அமில ரகம் ஐந்து வருடம் வரை. ஜப்பானிய இஞ்சின்களுக்குப் பெரும்பாலும் பாஸ்பேட் கலந்த, சிலிக்கேட் இல்லாத ரகம். ஐரோப்பியக் கார்களில் கதை வேறு. டிரம்மில் இருப்பது இதில் எது?

இன்னொரு தயக்கமும் இருந்தது. பதினைந்து வருடத் துருவை மருந்து போட்டுச் சட்டென்று கிளப்பினால், அந்த அழுக்கே அடைத்து வைத்திருக்கும் சின்ன ஓட்டை திறந்துகொள்ளலாம். அது மெஷினின் குற்றம் இல்லைதான். ஆனால் கசிவு காராக் நெடுஞ்சாலையில், கெந்திங் ஏற்றத்தில் வெளிப்படுவதைவிட, வீட்டுப் பக்கத்தில் வெளிப்படட்டும்.

கடைசியில் கெப்போங்கில் நமக்குத் தெரிந்த ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணனிடம் போனேன். "அவசரம் இல்லன்னா மூணு தடவை இறக்கலாம் தம்பி" என்றார். மூன்று சனிக்கிழமைகள். முதல் இரண்டு முறையும் பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஊற்றி, அந்த வாரம் முழுக்க வேலைக்கு ஓட்டி, மறுபடி இறக்கினோம். முதல் முறை தே ஓ, இரண்டாம் முறை வைக்கோல் நிறம், மூன்றாம் முறை கிட்டத்தட்டத் தெளிவு.

இந்த வழியில் பலர் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில். அடித் திருகைத் திறந்தால் ரேடியேட்டரில் இருப்பது மட்டும்தான் இறங்கும். இஞ்சின் பிளாக்கில், அதாவது இஞ்சினின் உடலுக்குள் இருப்பது அங்கேயே நிற்கும். என் காரில் ஏறக்குறைய பாதிதான் இறங்கியது. அப்படியானால் முதல் முறைக்குப் பிறகு பழையது 50 விழுக்காடு மிச்சம், அடுத்து 25, அதற்கடுத்து 12.5. கழுவுவதற்கு இது போதும். ஆனால் கடைசியாக கூலண்ட் ஊற்றும்போதும் அதே கணக்குதான். உள்ளே பாதி வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் கடையில் விற்கும் கலந்த கூலண்டை, அதாவது பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்ததை ஊற்றினால், இஞ்சினுக்குள் சேரும் கூலண்ட் 25 விழுக்காடு மட்டுமே. டப்பாவில் 50 என்று போட்டிருக்கும், நாமும் நிம்மதியாகத் தூங்குவோம். பொதுவாக மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். இது அதற்கும் கீழே.

அதனால் கடைசி முறைக்கு மட்டும் தண்ணீர் கலக்காத கூலண்ட் வாங்கினேன். உள்ளே நிற்கும் பாதித் தண்ணீரோடு அது சேர்ந்து, சரியாகப் பாதிக்குப் பாதி. அந்த ரகம் தேடக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. பல கடைகளில் கலந்ததுதான் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கலந்ததையே ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, இறக்கி, இன்னொரு முறை ஊற்றலாம், 37.5 விழுக்காடு வரும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டேங்க்கை (உபரிக் கூலண்ட் நிற்கும் சிறு தொட்டி) தனியாகக் கழற்றிக் கழுவ மறந்துவிடாதீர்கள். அடியில் சேறு அங்கேதான்.

உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதில் ஃபோர்மேன் அண்ணனுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. ஊற்றும்போதே மூடியைத் திறந்து வைத்து இஞ்சினை ஓட்டி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி, விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை காத்திருந்தார். மூடியையும் மாற்றினோம். ரப்பர் காய்ந்துபோன மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அழுத்தம் இல்லாவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். பழைய மூடியில் அழுத்த அளவு 1.1 என்று போட்டிருந்தது, புதியதும் 1.1தான்.

எல்லாம் சேர்த்துச் செலவு மெஷினைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் மூன்று சனிக்கிழமை போனது. புதிய கார், சரியான ரகத்தை மூடிய டப்பாவிலிருந்து உங்கள் கண் முன்னே ஊற்றும் கடை என்றால், நான் மெஷினுக்கே சரி என்பேன். டர்போ காரிலோ ஐரோப்பியக் காரிலோ நான் கை வைத்ததில்லை, அதற்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இறக்கிய பழையதை ஃபோர்மேன் அண்ணன் டின்னில் பிடித்து வைத்தார். அதில் கொஞ்சம் கூலண்ட் இருந்தாலும் ஆபத்து. அது இனிக்கும், விஷமும்கூட. அவர் பட்டறையில் நான்கு பூனைகள் திரிகின்றன. இப்போது இரண்டு மாதம் ஆகிறது. ரிசர்வ் டேங்க்கில் புதிய கூலண்டின் இளஞ்சிவப்பில் இன்னும் ஒரு துளி தே நிறம் தெரிகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை நெரிசலில் நிற்பதற்கு முன் இன்னொரு தடவை இறக்கி, இம்முறை கலந்ததையே ஊற்றலாம் என்று அவரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.