மலைவேம்புத் தோட்டத்தில் 3-பிஜி: சில ஆண்டு அனுபவம்

ஏக்கருக்கு எத்தனை டன் மரம் தேறும் என்று இந்த மென்பொருள் சொல்லும். அந்த எண்ணை நம்பி மட்டும் யாரும் கடன் வாங்கிவிடாதீர்கள்.

3-பிஜி என்பது லேண்ட்ஸ்பர்க், வேரிங் இருவரும் 1997இல் வெளியிட்ட, மர வளர்ச்சியைக் கணிக்கும் கணித மாதிரி. வெயில், வெப்பம், மழை, மண் ஈரம் ஆகியவற்றைக் கொண்டு இலை, தண்டு, வேர் எவ்வளவு கூடும் என்று மாதாமாதம் கணக்கிடும். நான் பயன்படுத்துவது ஆர் கணினிமொழிக்கான ஆர்3பிஜி தொகுப்பு. கட்டணம் இல்லை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. பழைய மடிக்கணினியே தாராளம்.

எங்களுடையது கோவை மாவட்டம் அன்னூர்ப் பக்கத்துச் செம்மண். பத்தடிக்குப் பத்தடி நட்டால் ஏக்கருக்கு 435 மரம். மென்பொருள் ஹெக்டேரில்தான் கேட்கும், ஆகவே 1,076. அது விட்டத்தில் பதில் சொல்லும், மர வியாபாரி சுற்றளவில் பேசுவார், 3.14ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். உறைபனி நாட்களுக்கு எல்லா மாதமும் பூஜ்யம் இட்டுவிடலாம், நாம் என்ன ஊட்டியிலா இருக்கிறோம்.

பாடாய்ப் படுத்துவது மண்தான். அது அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் நீரைப் பிடித்துவைக்கும் என்று ஓர் எண் கேட்கிறது. இங்கே இரண்டடி தோண்டினால் சுக்கான் பாறை. ஆழமான மண்ணுக்குரிய எண்ணைக் கொடுத்தால் சித்திரையிலும் மரம் கொழிக்கும், திரையில் மட்டும். எண்ணைக் குறைத்த பிறகே கோடையில் வளர்ச்சி அடங்கியது. தோட்டத்தில் நடப்பதும் அதுதான். சொட்டுநீருக்குத் தனி இடம் தேடி அலையாமல், விட்ட தண்ணீரை மழைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறேன். ஆனால் ஐப்பசியில் இரண்டே நாளில் கொட்டி ஓடையோடு போன மழைக்கும், மாதம் முழுக்கத் தூறிய மழைக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது.

தொகுப்போடு வரும் மாதிரித் தரவு ஐரோப்பிய மரங்களுடையது. மலைவேம்புக்கான வளர்ச்சி எண்களுக்கு, நான் தைலமரத்துக்கு வெளியான எண்களில் தொடங்கி, நெஞ்சு உயரத்தில் டேப் வைத்து அளந்த சுற்றளவுகளோடு பொருந்தும்வரை மாற்றிக்கொண்டேன். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். வரப்போரம் ஒற்றை வரிசையாக நட்டவர்களுக்கும் இது உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று கிளை முறிப்பதும் இதன் கணக்கில் இல்லை.

பிறகு எதற்கு இத்தனை பாடு? ஒப்பிட்டுப் பார்க்கத்தான். டன் கணக்கு தவறினாலும், இரண்டு வழிகளில் எது மேல் என்பது பெரும்பாலும் தவறுவதில்லை. எங்கள் வீட்டில் வழக்கு, முழு வளர்ச்சிக்கு முன்பே பாதி மரத்தை வெட்டி எடுப்பதா வேண்டாமா என்பது. “வளர்ற மரத்தை வெட்டச் சொல்றீங்களே மாப்பிள்ளை!” என்றார் மாமா. இரண்டு வழிகளையும் ஓட்டி வரைபடத்தைக் காட்டினேன். எடுத்தால் நிற்கும் மரத்தின் மொத்தக் கன அளவு குறைகிறது, ஒவ்வொரு மரமும் பருக்கிறது. பிளைவுட்டுக்குப் பருமன்தான் விலை. வெகுநேரம் பார்த்துவிட்டு வடக்குப் பாதியை மட்டும் விட்டுக்கொடுத்தார். அங்கே ஒன்றுவிட்டு ஒரு வரிசை எடுத்தாகிவிட்டது. தெற்குப் பாதி அவர் கணக்குப்படியே நிற்கிறது.