கொம்புக்கட்டை செதுக்க ஒரு ஸ்போக்‌ஷேவ்

என் சின்னப் பாய்மரப் படகுக்குக் கயிறு சுற்றிக் கட்டும் கொம்புக்கட்டைகளைத் தேக்கில் செய்யத்தான் இதை வாங்கினேன். இருபுறமும் பிடி வைத்த குட்டி இழைப்புளி. அடி உருண்டையாக இருப்பதால் கொம்புக்குக் கீழே உள்ள குழிவில் நன்றாக உட்காருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்தால் மெல்லிய சுருள் வரும். மரத்தின் ரேகைக்கு எதிராகப் போனால் பிய்த்துவிடும். 6 மி.மீ. கயிற்றுக்கு 100 மி.மீ. கட்டை போதும், ஆனால் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு உடையும்.

அலகு மொண்ணையாகத்தான் வந்தது. தேக்கில் அலகை மழுக்கும் சிலிக்கா வேறு. அடிக்கடி தீட்ட வேண்டும். அலகை ஏற்றி இறக்கத் திருகு கிடையாது, தட்டித் தட்டித்தான் வைக்கணும். பழகினால் சரி. அப்புறம், சுக்கான் பிடிக்கு மட்டும் தட்டையடி உள்ளதை வாங்குங்கள்.