பழைய சிட்டி இசட்எக்ஸ்: சி.வி.டி.யைச் சரிசெய்வதா, மேனுவலுக்கு மாற்றுவதா?

ஹோண்டா சிட்டி இசட்எக்ஸில் ஆட்டோமேட்டிக் (சி.வி.டி. எனப்படும், படிப்படியான கியர்கள் இல்லாத கியர்பாக்ஸ்) வைத்திருக்கும் பலருக்கு இந்தக் கேள்வி என்றாவது வந்தே தீரும். எஞ்சின் அருமையாக ஓடுகிறது, பாடியில் துரு இல்லை, ஏசி ஜில்லென்று வருகிறது. ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் வண்டி உதறுகிறது. எங்களிடம் இருப்பது 2006 மாடல், மூன்றாவது கை. முன்பு வைத்திருந்தவர்கள் சி.வி.டி. ஆயிலை மாற்றியதற்கு ஒரு பில்கூட இல்லை. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: சி.வி.டி.யைப் பிரித்துச் சரிசெய்வது, மேனுவல் கியர்பாக்ஸ் ஏற்றுவது, வண்டியைக் கொடுத்துவிட்டு இதே மாடலில் மேனுவல் வாங்குவது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். அதனால் என் எழுத்து அந்தப் பக்கம்தான் சாயும்.

அதற்கு முன் ஒன்று. மற்ற ஆட்டோமேட்டிக்குகளில் எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இந்த சி.வி.டி.யில் கிடையாது. இரண்டு புல்லி, நடுவில் ஒரு ஸ்டீல் பெல்ட், அதன் பின்னால் எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்யும் ஸ்டார்ட் கிளட்ச். வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்துவது இந்த கிளட்ச்தான். ஆயில் கெட்டுப்போனால் அது சீராக வழுக்கிப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கும். உதறல் அதுதான். எனவே முதலில் ஹோண்டா சொல்லும் மல்ட்டிமேட்டிக் ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் கிளட்சைப் பதப்படுத்தும் முறையையும் செய்து பாருங்கள். உதறல் நின்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அப்படியே ஓட்டுங்கள். எங்களுக்கு நிற்கவில்லை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்கள் வண்டியின் பாடி சுமார் என்றால் அதுதான் சரி. பாடி நன்றாக இருந்தால், வேறொருவர் கைமாற்றிவிடும் பழைய வண்டியின் குறைகளை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மற்ற இரண்டில் எது என்பதைப் பராமரிப்புதான் தீர்மானித்தது. நாங்கள் இருப்பது பொள்ளாச்சி. சி.வி.டி.யைத் திறக்கத் தெரிந்தவரைத் தேடிக் கோயம்புத்தூர் போக வேண்டும். அங்கேயும் கிடைத்தவர்களில் பலர் முழு யூனிட்டை மாற்றுவதைப் பற்றித்தான் பேசினார்கள். அதுவும் பழைய யூனிட். அதற்குள் இருக்கும் ஸ்டார்ட் கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கேட்ட தொகையோ வண்டியின் சந்தை விலையில் பாதியை நெருங்கியது. அவ்வளவு கொடுத்தும், அடுத்த முறை கோளாறு வந்தால் மறுபடி அதே இரண்டு மூன்று பேரிடம்தான் போக வேண்டும். மேனுவலில் தேய்வது கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். இவை எந்த ஊர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். வாங்கும் செலவைவிட, பழுதானால் யார் கைவைப்பார் என்பதுதான் பழைய வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாற்றும் வேலையில் கியர்பாக்ஸ் ஒரு பகுதிதான். ஃப்ளைவீல், டிரைவ் ஷாஃப்ட், மவுண்ட், கியர் லீவர், மிதிகள், வயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. எல்லாம் ஒரே மேனுவல் வண்டியிலிருந்து வந்தால் பாதி தலைவலி குறையும். சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தனித்தனியாகப் பொறுக்குவதைவிட, விபத்தில் அடிபட்ட முழு வண்டி ஒன்றைப் பிடிப்பது நல்லது. பழைய ஈ.சி.யு.வை வைத்துக்கொண்டால் அது இல்லாத சி.வி.டி.யைத் தேடிக்கொண்டே இருக்கும், எச்சரிக்கை விளக்கு அணையாது. இம்மொபிலைசர் (பதியாத சாவியால் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் புது ஈ.சி.யு.வோடு சாவியையும் பதிய வேண்டும். ஆட்டோமேட்டிக், லீவர் பி (பார்க்) அல்லது என் (நியூட்ரல்)-இல் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த வயர்களைச் சும்மா இணைத்துவிடாமல் கிளட்ச் மிதியில் ஒரு சுவிட்ச் போடச் சொல்லுங்கள். ரிவர்ஸ் விளக்குக்கும் கியர்பாக்ஸிலிருந்து புது வயர் இழுக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் வாங்கும்போது ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நுனியில் காந்தம் இருக்கும். அதில் கறுப்பாக மை போல அப்பியிருந்தால் கவலையில்லை, அது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடும் துணுக்கோ பல் உடைந்த சில்லோ வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், கியர்பாக்ஸில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆயில்தான் பிடிக்கும், அதற்கு ஹோண்டாவின் எம்.டி.எஃப். என்ற மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலையே ஊற்றுங்கள். பழக்கத்தில் கெட்டியான 90 கியர் ஆயிலை ஊற்றிவிட்டால் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்.

ஓட்டுவதற்கு எப்படி? வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் சுகம் தனிதான். சி.வி.டி.யிலும் இறக்கத்துக்கான எல் (லோ) நிலை இருக்கிறது, அதுவும் பிடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் சென்னை ஓ.எம்.ஆர். நெரிசலில் ஊர்ந்து போகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், அருகிலேயே நல்ல சி.வி.டி. மெக்கானிக் கிடைத்தவர்கள் மாற்றவே வேண்டாம். வீட்டில் ஆட்டோமேட்டிக் மட்டுமே பழகியவர் இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறக் கூடாது என்கிறது. எஞ்சின், சேஸிஸ் எண்கள் இந்த வேலையில் மாறுவதில்லை. இருந்தாலும் 15 ஆண்டு தாண்டிய வண்டியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டித்தான் புதுப்பிக்கிறோம் என்பதால், வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

மறுவிற்பனை பற்றி எனக்கு அனுபவம் குறைவு, இன்னும் விற்கவில்லை. மாற்றிய வண்டி என்றால் சிலர் தயங்கலாம். உதறும் சி.வி.டி.யோடு விலை கேட்டபோது வந்த பதில்களைவிட மோசமாக இருக்காது என்பது என் கணிப்பு. கியர்பாக்ஸ் கொடுத்த வண்டியின் ஸ்கிராப் பில்லையும் வேலை செய்த பில்லையும் ஆர்.சி.யோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.