'அண்ணே'ன்னு கூப்பிட்டே 3,40,000 ரூபாயை உருவிட்டான் - வாட்ச் சேர்க்கிறவர்கள் படிக்கவும்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 3,40,000 ரூபாய், சீட்டு எடுத்த பணம்.

எனக்கு மதுரைக் கீழமாசி வீதியில் பருப்பு மொத்த வியாபாரம். மூட்டைக்குள் கையை விட்டாலே கல் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் வாட்சில் ஏமாந்தேன். உலக நேர வாட்ச் மேல் பல வருஷப் பைத்தியம். ஓரத்தில் 24 ஊர்ப் பெயர், உள்ளே 24 மணி வளையம், அந்த வளையம் முள்ளுக்கு எதிர்த்திசையில் நாளைக்கு ஒரு சுற்று தானாகவே சுற்றும், எந்த ஊரில் மணி என்ன என்று ஒரே பார்வையில் தெரியும். ஜெனீவாக்காரர் லூயி கோத்தியே 1931-இல் கொண்டுவந்த அமைப்பு. பெரிய கம்பெனி வாட்சைவிடத் தனி ஆளாகப் பட்டறை வைத்துச் செய்கிறவர்களின் வாட்சுதான் எனக்குக் கனவு. 1985-இல் வின்சென்ட் கலாப்ரேசேயும் ஸ்வென்ட் ஆண்டர்சனும் அப்படிப்பட்ட கைவினைஞர்களுக்கென்றே சங்கம் தொடங்கினார்கள். அந்த ஆண்டர்சன் செய்த உலக நேர வாட்சைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி, விலை நமக்கு எட்டாது.

அப்படி இருக்கும்போது, பழைய வாட்ச் வாங்கி விற்கும் ஒரு இணையக் கடையில், வேறொரு தனிப் பட்டறையின் உலக நேர வாட்ச் 3,40,000 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன் போட்டேன். "மதுரையாண்ணே? எங்கம்மாவுக்கு மேலூர்ண்ணே" என்றான். சரி, இதற்கெல்லாம் மயங்குகிற ஆள் இல்லை நான் என்று ஒரு கேள்வி கேட்டேன். நம்ம நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால், இந்த வளையத்திலோ முழு மணிதான் இருக்கும், அப்போ நம்ம நேரத்தை எங்கே பார்ப்பது? யோசிக்கவே இல்லை, "கராச்சிக்கும் டாக்காவுக்கும் நடுவுல பாருங்கண்ணே" என்றான். அங்கேதான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவன் நேர்மையானவனாகத்தான் இருப்பான் என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அன்றைக்கே மொத்தப் பணத்தையும் அனுப்பினேன். வீட்டில், "நம்ம ஊர் நேரமே இல்லாத வாட்சுக்கா சீட்டுப் பணம்?" என்று கேட்டாள். சிரித்தேன்.

பார்சல் வந்த அன்று பகல் முழுக்கக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தேன். பக்கத்துக் குமிழைத் திருகினால் ஊர் வளையம் அழகாக நகர்ந்தது. ராத்திரி கடை அடைக்கும்போது பார்க்கிறேன், முள் எட்டரையைக் காட்டுகிறது, 24 மணி வளையமோ காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மறுநாள் டவுன்ஹால் ரோட்டில் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "வளையத்தப் பசை போட்டு ஒட்டிருக்கான் அண்ணாச்சி, உள்ள ஓடுறது சாதா சீன மிஷின்" என்றார். வாட்சில் இருந்த வரிசை நம்பரைக் குறிப்பிட்டு அந்தப் பட்டறைக்கே மெயில் போட்டேன், அந்த நம்பரில் நாங்கள் வாட்சே செய்யவில்லை என்று இரண்டே நாளில் பதில்.

போன் பண்ணினால், முதல் நாள் "பயணத்துல குலுங்கியிருக்கும்ண்ணே." இரண்டாம் நாள் "சார், டெக்னீஷியன் லீவு." மூன்றாம் நாள் ஒரு பொண்ணு எடுத்து, "கஸ்டமர் மூடியைத் திறந்துட்டா ரிட்டர்ன் கிடையாது." அண்ணன் மூன்றே நாளில் கஸ்டமர் ஆகிவிட்டேன். இப்போது என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான். 3,40,000 ரூபாய்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பணம் கொடுக்கும் முன்னாலேயே வாட்ச் நம்பரைப் பட்டறைக்கு எழுதிக் கேளுங்கள். குமிழை இழுத்து முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றச் சொல்லி வீடியோ கேளுங்கள், 24 மணி வளையம் கூடவே அரைச் சுற்று வர வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடியுங்கள். நான் நாலு நாள் கழித்து அடித்தேன்.