வெயில் படத்தின் கான்ட்ராஸ்டை அடக்க: ஐடி-11, ரோடினால், டி-23இல் எந்த டெவலப்பர்?

புதுச்சேரி டூமா தெருவில் காலை பத்து மணிக்கு மேல் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கம். சுண்ணாம்புச் சுவர் வெயிலில் கண்ணைக் கூசும். ஐந்தடி தள்ளி வாசல் வளைவுக்குள் இருட்டு. இதை இல்ஃபோர்டின் ஐஎஸ்ஓ 50 கறுப்பு வெள்ளைப் பிலிமான பான் எஃப் பிளஸில் எடுத்து வழக்கமான நேரத்துக்கு டெவலப் செய்தால், நெகட்டிவில் சுவர் கெட்டிக் கறுப்பாகிவிடும். ஸ்கேனர் வெளிச்சம் அதைத் தாண்டி வருவது கஷ்டம். பிரிண்டிலும் வெறும் வெள்ளைதான்.

வேகம் குறைந்த, அதாவது வெளிச்சத்தை மெதுவாக ஏற்கும் பிலிமின் இயல்பு அது. வெள்ளி உப்புப் படிகங்கள் பொடியாகவும் ஏறக்குறைய ஒரே அளவிலும் இருப்பதால், வெளிச்சம் கொஞ்சம் கூடினாலே எல்லாம் சேர்ந்து கறுத்துவிடும். 400 வேகப் பிலிமில் பெரிதும் சிறிதும் கலந்திருப்பதால் அது படிப்படியாகக் கறுக்கும்.

டெவலப்பர் என்பது பிலிமில் பதிந்ததைப் படமாக்கும் மருந்து. எதை எடுத்தாலும், லைட் மீட்டரை ஐஎஸ்ஓ 25 அல்லது 32இல் வைத்து எடுங்கள். நிழலில் பதியாத விவரத்தை எந்த மருந்தும் பிறகு கொண்டுவராது. வெயில் பட்ட பகுதி எவ்வளவு கறுக்க வேண்டும் என்பது மட்டும்தான் டெவலப் செய்யும் டேங்கில் நம் கையில் இருக்கிறது.

நம் ஊரில் பெரிய எதிரி தண்ணீரின் சூடு. மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். ஐடி-11ஐ 1+1 (ஒரு பங்கு மருந்து, ஒரு பங்கு தண்ணீர்) கலந்தால் 20 டிகிரியில் எட்டரை நிமிடம். அதுவே 30 டிகிரியில் மூன்று நிமிடத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சீராகப் பிடிக்காது, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். கான்ட்ராஸ்டுக்காக இன்னும் குறைக்க அங்கே இடம் ஏது?

அதனால் ஐடி-11 என்றால் 1+3தான் என் தேர்வு. 20 டிகிரியில் 15 நிமிடம், 24 டிகிரியில் சுமார் பத்து. வெயில் படத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் எட்டு நிமிடம் மிஞ்சும். நீர்த்த மருந்து சுவர் பதிந்த இடத்தில் சீக்கிரம் களைத்துப்போகும். நிழலில் தொடர்ந்து வேலை செய்யும். இரண்டு சுருள் பிடிக்கும் டேங்கில் ஒரே சுருளைப் போட்டு 150 மில்லி மருந்து, 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். சின்ன டேங்கில் 75 மில்லிதான் சேரும், அது போதாது. ஐடி-11க்கு இணையான கோடாக் டி-76 வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

ரோடினால் 1891இல் வந்த மருந்து. மூடி திறந்த பாட்டிலும் வருடக்கணக்கில் கெடாது. பான் எஃபில் கிரெயின் (படத்தில் தெரியும் வெள்ளித் துகள்) பொடி என்பதால் அதன் கூர்மை அழகாக எடுபடும். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் கடலூர் துறைமுகத்துப் படகுகளை எடுத்தால் 1+50, 20 டிகிரியில் 11 நிமிடம். எனக்கு அதற்கு மேல் வேறெதுவும் வேண்டாம். ஆனால் 1+100 கலந்து ஒரு மணி நேரம் ஆட்டாமல் வைக்கும் முறையை வெயில் காலத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அத்தனை நேரத்தில் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். பிலிம் ஓரத் துளைகளிலிருந்து கோடுகள் இறங்கும் ஆபத்தும் உண்டு.

டி-23ஐ நாமே கலக்கலாம்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், அவ்வளவுதான். முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகு மீதி சல்ஃபைட், கடைசியில் லிட்டருக்கு நிரப்புவது. வரிசை மாறினால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். சிலருக்கு அது கையில் அரிப்பு உண்டாக்கும், கையுறை கட்டாயம். ஐடி-11இல் கான்ட்ராஸ்டை ஏற்றும் ஹைட்ரோகுவினோன் இதில் இல்லை. அதனால் 1+3 கலந்தால் சுவரின் காரைப் பூச்சும் விரிசலும் நெகட்டிவில் பிரிந்து தெரிகின்றன. டூமா தெருவுக்கு நான் எடுப்பது இதைத்தான். நேரத்துக்கு ஐடி-11 1+3 கணக்கில் தொடங்கி ஒரு சோதனைச் சுருள் போடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கை மெதுவாகக் கவிழ்த்தால் போதும்.

சரி, நேரம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? காய்ந்த நெகட்டிவைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். ஆகக் கறுத்த இடத்தின் வழியாகவும் எழுத்து மங்கலாகப் படிக்க வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த சுருளில் நேரத்தைக் குறையுங்கள்.

20 டிகிரிக்கு இறக்கப் போராடாமல் 24 வைத்துக்கொள்ளலாம். ஒரு டப்பில் தண்ணீரும் ஐஸும் போட்டு, டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர், கழுவும் தண்ணீர் நான்கையும் அதில் உட்கார வைத்தால் ஆயிற்று. எல்லாம் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். கடற்கரை ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காயும்போது புள்ளி விழும். கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் எடுங்கள்.

நாலைந்து சுருள் சேரட்டும் என்று பான் எஃபை மட்டும் வைத்திருக்க வேண்டாம். எடுத்த மூன்று மாதத்துக்குள் டெவலப் செய்யச் சொல்கிறது இல்ஃபோர்ட். தள்ளிப்போட்டால் பதிந்த படம் மங்கத் தொடங்கும், முதலில் போவது நிழல்தான்.