கோத்தகிரியில் ஒரு அனிமேஷன் கம்ப்யூட்டர்: கார்டு தங்கம், கரண்ட் தலைவலி

குன்னூரில் இருக்கும் ஒரு தம்பி அனிமேஷன் படித்து முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை எடுக்கப் போகிறான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே செட்டப்பை நானும் போடலாமா? பழைய 3060 கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு கம்மி விலைக்கு வருது" என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மலையில் இருந்துகொண்டு இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று மொத்தத்தையும் எழுதிவிடுகிறேன்.

என் செட்டப் இதுதான்: ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஒரு டிபி எஸ்எஸ்டி, 650 வாட் பவர் சப்ளை. மானிட்டர் இல்லாமல் 75,000 ரூபாய்க்குள் முடிந்தது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் வாங்கி, அங்கேயே மாட்டி, ஓட்டிப் பார்த்து, கார்டை மட்டும் கழற்றித் தனியாக அதன் பெட்டியில் வைத்து மலை ஏற்றினேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கும்போது ஒரு கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் போர்டுக்குத்தான் கேடு. என் வேலை முழுக்க பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில். குழந்தைகளுக்கான கதை வீடியோ, அவ்வப்போது ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு விளக்கப் படம்.

முதலில் கார்டைப் பற்றி. 2021 பிப்ரவரியில் வந்த கார்டு, இன்றைய கணக்கில் கிழவன். வேகத்தில் புதியவை முந்திவிட்டன, அதை மறுக்க முடியாது. ஆனால் கார்டுக்கென்றே 12 ஜிபி மெமரி! பட்ஜெட்டில் அனிமேஷன் செய்பவனுக்கு வேகத்தைவிட அதுதான் சோறு போடுகிறது. மாடலின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர், 4கே அளவில் ஒன்று, டிஸ்கில் சில எம்பிதான் இருக்கும். கார்டுக்குள் போய் விரிந்தால் 4096க்கு 4096, பிக்சலுக்கு நாலு பைட் என்று 64 எம்பி பிடிக்கும். நூறு டெக்ஸ்சர் போட்டால் 6 ஜிபி தாண்டிவிடும். அதற்கு மேல்தான் மாடல், முடி, புகை எல்லாம் வர வேண்டும்.

நான் அடிக்கடி செய்வது நம் ஊர்க் காட்சிதான். சரிவு முழுக்கத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக், பின்னால் பனிமூட்டம். தேயிலைச் செடியை இன்ஸ்டன்ஸாக, அதாவது ஒரே செடியைத் திரும்பத் திரும்பக் காட்டும்படி போட்டால் ஆயிரக்கணக்கில் பரப்பினாலும் மெமரி கிட்டத்தட்ட ஒரு செடிக்குரியதுதான் ஆகும். அதனால் செடி பிரச்சினை இல்லை. மண், பாறை, பாசி, சில்வர் ஓக் பட்டை, அருகில் நிற்கும் காட்டெருமையின் தோல் என்று கிட்டத்தில் தெரியும் ஒவ்வொன்றும்தான் மெமரியைத் தின்னும். இதே ஃபைலை 8 ஜிபி கார்டு வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தால் அவர் டெக்ஸ்சரைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் ரெண்டர், அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை, கிளம்புகிறது. என்னிடம் ஒருமுறைகூட மெமரி போதவில்லை என்று நின்றதில்லை. பிளெண்டர் 4.1இல், படத்தில் வரும் புள்ளிகளை நீக்கும் ஓப்பன் இமேஜ் டினாய்ஸ் கார்டிலேயே ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொரு ஃப்ரேமின் கடைசியிலும் காத்திருந்த நேரம் சுருங்கியது. காசே கொடுக்காமல் கிடைத்த வேகம் அது. பனிமூட்டத்தை மட்டும் வால்யூமெட்ரிக்கில், அதாவது நிஜப் புகை மாதிரி கணக்கிடும் முறையில் போடாதீர்கள், புள்ளிபுள்ளியாக வந்து உயிரை எடுக்கும். தூரத்துப் பனிக்கு, தூரத்தைப் பொறுத்து வெளுக்கும் தனிப் படமான மிஸ்ட் பாஸை எடுத்து, ரெண்டருக்குப் பின் படங்களைச் சேர்க்கும் கம்போசிட்டிங்கில் கலந்தாலே போதும். கோடநாடு பக்கம் விடியற்காலையில் மலை மடிப்பு மடிப்பாக வெளுத்துக்கொண்டே போவது அப்படியே வரும்.

அப்புறம் குளிர். இந்தச் சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. உயரத்தில் காற்று மெலிசு, இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் எண்பது சதவீதம்தான், ஃபேன் தள்ளும் காற்று சூட்டைக் குறைவாகத்தான் வாங்கிப் போகும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் உள்ளே வரும் காற்றே பதினைந்து டிகிரியில் இருந்தால் அந்தக் கணக்கு அடிபட்டுப் போகிறது. இரவு முழுக்க ரெண்டர் ஓடினாலும் கார்டு அறுபதைத் தொடுவதே அரிது. கோயம்புத்தூரில் அதே கார்டு வைத்திருப்பவர் எழுபத்தைந்தில் ஓட்டிக்கொண்டு ஏசி போடலாமா என்று யோசிக்கிறார். ப்ராசஸரோடு பெட்டியிலேயே வந்த சின்ன கூலரே எனக்குப் போதுகிறது. டிசம்பரில் என் அறைதான் வீட்டிலேயே கதகதப்பான அறை. அம்மா சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறார்.

இவ்வளவும் நல்லது. இனி கரண்ட்.

1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. குந்தாவில் அணை மேல் அணை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காற்றடித்தால் மரம் சாயும், கம்பி அறும். கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கோபமெல்லாம் மேசைக்குக் கீழே இருக்கும் யூபிஎஸ் மேல்தான்.

கம்ப்யூட்டரோடு கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தது 600 விஏ பெட்டி. 600 விஏ என்றால் 600 வாட் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த விலைப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 360 வாட்தான். கார்டு மட்டும் 170 வாட், அதோடு ப்ராசஸர், மானிட்டர், பவர் சப்ளையில் வீணாவது என்று ரெண்டர் நேரத்தில் முந்நூறு வாட்டை நெருங்கிவிடும். கரண்ட் போகும் அந்தக் கணத்தில் பெட்டி முழுச் சுமையையும் தூக்க வேண்டும். அது தரும் கரண்டும் சீரான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. இப்போது வரும் பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று இருக்கிறது, அதற்கும் இந்த வெட்டு அலைக்கும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. விளைவு, யூபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட். கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், அதே கதை. "லோடு அதிகம் சார்" என்றார்கள். அந்த லோடைக் கண்ணால் பார்த்துத்தானே இந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள்?

சரி, வீட்டு இன்வெர்ட்டரில் போடலாம் என்றால் அதில் வேறொரு சிக்கல். சைன் வேவ் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒன்று இருக்கும். அதில் போட்டால் மாறும் வேகம் போதுமானது, ஆனால் உள்ளே வரும் வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்கு மாறிவிடும். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் எல்லா வீட்டிலும் கெய்சர், ரூம் ஹீட்டர். எங்கள் வீடு லைனின் கடைசி. 230 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 180ஐச் சுற்றித் தள்ளாடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போவதும் திரும்புவதுமாக இருக்கும். மோடை மாற்றிச் சாதாரணத்தில் வைத்தால் குறைந்த வோல்டேஜைத் தாங்கும், ஆனால் மாறும் நேரம் நீண்டுவிடும். பவர் சப்ளை தன்னிடம் தேக்கி வைத்திருப்பது பதினாறு பதினேழு மில்லிசெகண்டுக்குத்தான். அதற்குள் மாறாவிட்டால் மறுபடி ரீஸ்டார்ட்.

கடைசியில் சைன் வேவ் தரும் பெரிய யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். மதர்போர்டைவிட அதிக விலை. இப்போது ரீஸ்டார்ட் இல்லை. ஆனால் மாலை முழுக்க வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ரிலே டக், டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. காட்சிக்கு வழிகாட்டிக் குரல் பதிவு செய்ய உட்கார்ந்தால் நடுவில் ஒரு டக். கரண்ட் போனால் பீப். நடுராத்திரி பீப். இத்தனை காலம் ஆகியும் அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை. கேட்டாலே எரிச்சல் தலைக்கேறுகிறது.

ஒரு வழி நன்றாக வேலை செய்தது. ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டின் அமைப்புகளை மாற்றும் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை எழுபது சதவீதமாகக் குறைத்தேன். 170 வாட் கார்டு 120க்குள் அடங்குகிறது, ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது. பேட்டரி தாங்கும் நேரமும் நீள்கிறது. குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால் இங்கே அந்த மிச்சம் முக்கியம்.

அதைவிட முக்கியம், வீடியோ ஃபைலாக ரெண்டர் போடவே கூடாது. ஒரு நிமிடப் படம் 24 ஃப்ரேம் கணக்கில் 1,440 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலே 36 மணி நேரம். நவம்பரில் எங்கள் தெருவில் 36 மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் என்று நம்பி ஒரே எம்பி4 ஃபைலில் போட்டால் அழுகைதான் மிச்சம். ஃப்ரேமுக்கு ஒரு பிஎன்ஜி படமாக வரிசையாகப் போட்டு, அவுட்புட்டில் ஓவர்ரைட் டிக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் மறுபடி ஓடவிட்டால் முடிந்த ஃப்ரேம்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். ஓடவிடும் முன் கடைசி ஃப்ரேமை மட்டும் அழித்துவிட வேண்டும். பாதி எழுதி நின்ற ஃபைலாக இருந்தாலும் பிளெண்டர் அதை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மழையில் ஒரு காலை கம்ப்யூட்டர் ஓடியது, டிஸ்ப்ளே வரவில்லை. கார்டு போய்விட்டது என்று பதறிப்போய்க் குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டெக்னீஷியன் ராமைக் கழற்றி, காண்டாக்டை அழிரப்பரால் தேய்த்து, துடைத்து மாட்டினார். வந்துவிட்டது. ஈரக்காற்றில் காண்டாக்ட் மங்கும், மழைக்காலத்தில் இங்கே நிறையப் பேருக்கு வரும் என்றார். வாங்கியது ஐம்பது ரூபாய். வேலை இல்லாத நாளிலும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அதோடு எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறது.

ஆக, தம்பிக்கு என்ன சொல்வது? கார்டுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ப்ராசஸர் மேல் ஒரு குறையும் இல்லை. இந்த விலைக்கு இவ்வளவு வேலை செய்யும் மெஷின் வேறு கிடைக்காது. இருந்தாலும் என் பதில், லேப்டாப் வாங்கு என்பதுதான். அதே காசுக்கு வரும் லேப்டாப்பில் 6 ஜிபி, மிஞ்சினால் 8 ஜிபி கார்டுதான் இருக்கும், டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டிவரும், பேட்டரியில் ஓடும்போது வேகம் விழும். தெரிந்தேதான் சொல்கிறேன். கரண்ட் போனால் அது சாகாது, சத்தம் போடாது. தொழில் தொடங்கும் வயதில் யூபிஎஸ்ஸோடு மல்லுக்கட்டி ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

கேட்காமல் டெஸ்க்டாப்தான் வேண்டும் என்றால், முதலில் மாலை ஏழு மணிக்கு வீட்டு வோல்டேஜை மீட்டர் வைத்துப் பார். சைன் வேவ் யூபிஎஸ்ஸுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் மற்றதை வாங்கு. பழைய 3060 எடுப்பதானால், கார்டுகளை இரவு பகலாக ஓட்டிக் கிரிப்டோ காசு சம்பாதித்த எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு சந்தைக்கு வந்த கார்டுகளும் அதில் கலந்திருக்கும். ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் அரை மணி நேரம் ரெண்டர் போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். 12 ஜிபியா என்பதையும் பார்த்துக்கொள், 8 ஜிபி 3060 என்று ஒன்றும் விற்கிறது. 4060 வெறும் 115 வாட்தான் குடிக்கும், மலைக்கு ஏற்றதுதான், ஆனால் அதுவும் 8 ஜிபி. அதற்காக நான் என் 12 ஜிபியைக் கொடுக்க மாட்டேன். நான் மாற்றினால் 5060 டிஐயின் 16 ஜிபி கார்டுக்குத்தான். 180 வாட், இருக்கிற யூபிஎஸ்ஸே தாங்கும்.